குனிந்த தலையோடு வானம் பார்த்தவர்கள்

தலைக்கு மேலே ஒரு பாதை: வரலாற்றுத் தொடர் – 6

சென்ற அத்தியாயத்தைக் கசாக் புல்வெளியில் நிறுத்தியிருந்தோம். 1957 அக்டோபர் 4, வெள்ளிக்கிழமை. சோவியத் பொறியாளர் செர்கெய் கரலியோவின் ஆர்-7 ராக்கெட் கிளம்பிவிட்டது. 58 சென்டிமீட்டர் விட்டமும் 83.6 கிலோ எடையும் கொண்ட ‘ஸ்புட்னிக்’ என்ற உலோகப் பந்து பூமியைச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. மாஸ்கோ வானொலி விஷயத்தை உலகத்துக்கே அறிவித்தும் விட்டது.

நல்லது. அது இப்போது எங்கே இருக்கிறது?

அமெரிக்காவிடம் இதற்குச் சட்டென்று பதில் இல்லை. இருந்திருக்க வேண்டும். சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டையொட்டித் தானும் செயற்கைக்கோள் அனுப்பப்போவதாக 1955லேயே அறிவித்த நாடு அது. அனுப்பியதைப் பின்தொடர ‘மினிட்ராக்’ என்று ஒரு வானொலி வலையமைப்பையும் கட்டி வைத்திருந்தது. ஆனால் மினிட்ராக்கின் ஆண்டெனாக்கள் 108 மெகாஹெர்ட்ஸுக்காகச் செய்யப்பட்டவை. ஸ்புட்னிக்கோ 20 மெகாஹெர்ட்ஸிலும் 40 மெகாஹெர்ட்ஸிலும் பேசிக்கொண்டிருந்தது. வீட்டில் சிற்றலைப் பெட்டி வைத்திருந்த ஹாம் வானொலிக்காரர்கள் அந்த ‘பீப், பீப்’ ஓசையைக் கேட்டுவிட்டார்கள். அரசாங்க வலையமைப்பு தன் கருவிகளை அவசர அவசரமாக மாற்றிக்கொண்டிருந்தது.

இன்னொரு ஏற்பாடு பேக்கர்-நன் கேமரா. ஒளியியலை ஜேம்ஸ் பேக்கரும் இயந்திர அமைப்பை ஜோசப் நன்னும் வடிவமைத்தார்கள். வானத்தில் ஓடும் மங்கலான புள்ளியை நட்சத்திரப் பின்னணியோடு படம் பிடித்து, அது இருந்த இடத்தைத் துல்லியமாகச் சொல்லக்கூடிய ராட்சதக் கேமரா. உலகம் முழுக்க 12 இடங்களில் நிறுவுவதாகத் திட்டம். அக்டோபர் 4ஆம் தேதி நிலவரப்படி ஒன்றுகூடத் தன் இடத்தில் வேலையைத் தொடங்கவில்லை. முதல் கேமராவையே கலிஃபோர்னியாவில் இன்னும் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆக, வானொலியும் தயாரில்லை, கேமராவும் தயாரில்லை. தயாராக இருந்தவர்கள் பள்ளி ஆசிரியர்கள், இல்லத்தரசிகள், மாணவர்கள், ஓய்வு பெற்ற பொறியாளர்கள். சம்பளம் இல்லாத இந்தக் கூட்டத்துக்கு ‘ஆபரேஷன் மூன்வாட்ச்’ என்று பெயர்.

விப்பிளின் பிடிவாதம்

இந்தக் கூட்டத்தைச் சேர்த்தவர் ஃப்ரெட் விப்பிள். அயோவாவின் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. ஹார்வர்டில் வானியல் பேராசிரியர். வால்நட்சத்திரத்தின் கரு தூசி கலந்த பனிக்கட்டி என்று 1950இல் சொல்லிப் புகழ் பெற்றவர். 1955இல் ஸ்மித்சோனியன் வானியற்பியல் ஆய்வகத்தின் இயக்குநரானார். அதே ஆண்டில் அந்த ஆய்வகம் வாஷிங்டனிலிருந்து மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜுக்கு இடம் மாறியது.

செயற்கைக்கோளை ஒளியைக் கொண்டு பின்தொடரும் பொறுப்பு விப்பிளிடம் வந்தது. பேக்கர்-நன் கேமராவின் பார்வை 5 பாகை அகலம், 30 பாகை நீளம். எந்தத் திசையில், எந்த நேரத்தில் திருப்பி வைக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் அதனால் பயன். தெரியாவிட்டால் முழு வானத்தில் அது தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். புதிதாக ஏவப்பட்ட பொருளின் பாதையை முதலில் குத்துமதிப்பாகவாவது யாராவது பிடித்துக் கொடுக்க வேண்டும். அதற்கு ஊர் ஊராக மனிதக் கண்கள் வேண்டும் என்றார் விப்பிள்.

புவி இயற்பியல் ஆண்டின் பொறுப்பாளர்கள் சிலருக்கு இது ரசிக்கவில்லை. கோடிக்கணக்கான டாலர் திட்டத்தில் பொழுதுபோக்குக்காரர்களை நம்புவதா? நாலு நாள் ஆர்வமாக வருவார்கள், ஐந்தாம் நாள் குளிர் என்று படுத்துவிடுவார்கள், கண்டபடி தகவல் அனுப்பிக் குழப்புவார்கள் என்று சந்தேகப்பட்டார்கள்.

விப்பிள் அசரவில்லை. ஒளி மாறும் நட்சத்திரங்களைக் கவனிக்கும் அமெரிக்கச் சங்கம் 1911இலேயே தொடங்கி, அமெச்சூர்களின் கண்ணையே நம்பி நடந்து வந்ததை அவர் அறிவார். எரிகற்களையும் வால்நட்சத்திரங்களையும் கவனித்துச் சொன்ன சாதாரண மனிதர்களை அறிவார். தவிர, காலமும் தோதாக இருந்தது. சோவியத் குண்டுவீச்சு விமானம் வருகிறதா என்று கூரைமேல் ஏறிக் கண்காணிக்கும் தன்னார்வப் படையில் அன்று லட்சக்கணக்கான அமெரிக்கர்கள் இருந்தார்கள். அண்ணாந்து பார்ப்பது அங்கே பழகிப்போன வேலை.

1956இல் அழைப்பு போனது. நூற்றுக்கும் அதிகமான குழுக்கள் உருவாயின. அமெரிக்காவில் மட்டுமல்ல, ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும்கூட. நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கியில் ஒரு பள்ளி ஆசிரியை தன் மாணவர்களைக் கொண்டே ஒரு குழு அமைத்தார். கருவிக்கான பணத்தைப் பெரும்பாலும் குழுக்களே உள்ளூரில் திரட்டிக்கொண்டன.

ஒரு நிலையத்துக்குள்

மூன்வாட்ச் நிலையம் ஒன்றில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம்.

திறந்தவெளி. வடக்குத் தெற்காக ஒரே கோட்டில் மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு சிறிய தொலைநோக்கி. பொருளருகு வில்லையின் விட்டம் 5 சென்டிமீட்டர், உருப்பெருக்கம் ஐந்தரை மடங்கு. கிரகங்களைப் பார்க்க இது உதவாது. ஆனால் இதில் ஏறத்தாழ 12 பாகை வானம் ஒரே பார்வையில் விழும். முழுநிலவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் இரண்டு டஜன் கொள்ளும்.

தொலைநோக்கி வானத்தை நோக்கி இல்லை. கீழே, 45 பாகை சாய்வில் பொருத்திய ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியை நோக்கி இருந்தது. வானம் கண்ணாடியில் விழும், கண்ணாடியிலிருந்து குழாய்க்குள் வரும். பார்ப்பவர் நாற்காலியில் உட்கார்ந்து, புத்தகம் படிப்பதுபோலக் குனிந்தபடி வானத்தைக் கவனிப்பார். மணிக்கணக்காக அண்ணாந்து பார்த்தால் கழுத்து என்ன ஆகும் என்று யோசித்துச் செய்த ஏற்பாடு இது.

நிலையத்தின் நடுவில் உயரமான கம்பம், அதன் தலையில் ஒரு குறுக்குச் சட்டம். வடக்கிலிருந்து உச்சி வழியாகத் தெற்கே போகும் கற்பனைக் கோட்டைக் கம்பம் காட்டும். ஒவ்வொருவருடைய தொலைநோக்கியும் அந்தக் கோட்டின் ஒரு துண்டைப் பார்க்கும். பக்கத்து மேசைக்காரரின் துண்டோடு கொஞ்சம் மேலேறியும் இருக்கும். மொத்தத்தில் வானத்தின் குறுக்கே இடைவெளி இல்லாத ஒரு வேலி. மேற்கிலிருந்து கிழக்கே போகும் எதுவும் இந்த வேலியைத் தாண்டியாக வேண்டும். தாண்டும்போது யாரோ ஒருவர் கண்ணில் பட்டாக வேண்டும்.

பட்டதும் அவர் குரல் கொடுப்பார். டேப் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் சிற்றலை வானொலியில், அமெரிக்க அரசின் நேரக்குறி நிலையமான டபிள்யூ.டபிள்யூ.வி. நொடிக்கு நொடி ‘டிக், டிக்’ என்று ஒலித்துக்கொண்டிருக்கும். குரலும் டிக்கும் ஒரே நாடாவில் பதியும். நாடாவைத் திரும்பப் போட்டுக் கேட்டால், எந்த நொடியில் எந்த மேசைக்காரர் பார்த்தார் என்பது தெரிந்துவிடும்.

இந்த நொடிக் கணக்கில்தான் எல்லாமே இருந்தது. தாழ்வான பாதையில் போகும் செயற்கைக்கோளின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 8 கிலோமீட்டர். ஒரு நொடி பிசகினால் இடம் 8 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். “சாயங்காலம் ஏழு மணி வாக்கில் ஒரு வெளிச்சம் போச்சு” என்ற தகவலை வைத்து எந்தக் கணிதமும் செய்ய முடியாது. அதனால் 1957 வசந்தத்தில் ஒத்திகை நடந்தது. சிறு விமானங்கள் விளக்கைக் கட்டி இழுத்துக்கொண்டு இருட்டில் பறந்தன. குழுக்கள் அவற்றைச் செயற்கைக்கோளாகப் பாவித்து நேரம் குறித்தன.

அந்தியும் விடியலும்

குழுக்கள் இரவெல்லாம் விழித்திருக்கவில்லை. மாலையில் இருட்டிய பிறகு கொஞ்ச நேரம், விடிவதற்கு முன்பு கொஞ்ச நேரம், அவ்வளவுதான். செயற்கைக்கோளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. தெரு இருட்டிய பிறகும் கோபுரக் கலசத்தில் மட்டும் வெயில் தங்கியிருக்குமே, அதுதான் கணக்கு. பார்ப்பவர் நிற்கும் தரை இருட்டாக இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் பொருள்மேல் வெயில் விழ வேண்டும். நள்ளிரவில் தாழ்வான பாதையில் போகும் பொருளும் பெரும்பாலும் பூமியின் நிழலுக்குள் இருக்கும், தெரியாது.

இன்று மொட்டை மாடியிலிருந்து சர்வதேச விண்வெளி நிலையத்தைப் பார்க்கிறவர்களுக்கும் இதே விதிதான். 400 கிலோமீட்டர் உயரத்தில் அது சிமிட்டாமல், சத்தமில்லாமல் நகர்ந்து வந்து, சில சமயம் நட்டநடு வானத்திலேயே அணைந்துபோகும். மேகம் மறைத்ததாக நினைக்க வேண்டாம். நிலையம் நிழலுக்குள் நுழைந்துவிட்டது என்று அர்த்தம்.

பார்த்தது பந்து அல்ல

ஸ்புட்னிக் ஏவப்பட்ட செய்தி வந்தபோது விப்பிள் விமானத்தில் இருந்தார். பாஸ்டனில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அவருடைய அலுவலகத்தில் ஏற்கெனவே விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. உலகம் முழுவதிலிருந்தும் தொலைபேசியும் தந்தியும் வரத் தொடங்கின. வந்த எண்களை வைத்துப் பாதை கணக்கிட, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்த ஐ.பி.எம். 704 கணினியில் இடம் பிடித்தார்கள்.

முதல் வாய்ப்பு தென் அரைக்கோளத்துக்குக் கிடைத்தது. அக்டோபர் 8ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் சிட்னி, ஊமெரா குழுக்கள் பார்த்துவிட்டன. இரண்டு நாள் கழித்து அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நியூ ஹேவன் குழு பார்த்தது.

எதைப் பார்த்தார்கள்? அன்று ‘ஸ்புட்னிக்கைக் கண்ணால் பார்த்தேன்’ என்று சொன்ன லட்சக்கணக்கானவர்களில் அநேகமாக எல்லோரும் பார்த்தது ஸ்புட்னிக்கை அல்ல. 58 சென்டிமீட்டர் பந்து, வெறும் கண்ணின் எல்லையில் இருக்கும் மிக மங்கலான புள்ளி. பளிச்சென்று ஓடியது, பந்தைத் தூக்கிச் சென்ற ராக்கெட்டின் நடுப்பகுதி. 25 மீட்டருக்கும் மேல் நீளமான அந்தக் கூடு, பந்தைக் கழற்றிவிட்ட பிறகு தானும் அதே பாதையில் சுற்றிக்கொண்டிருந்தது. உருண்டு புரண்டு போனதால் அதன் ஒளி கூடியும் குறைந்தும் தெரிந்தது.

ராக்கெட் கூடு நாளாக நாளாகப் பந்தை முந்திக்கொண்டு போக ஆரம்பித்தது. காற்று உரசினால் வேகம் குறையும் என்பதுதானே நமக்குத் தெரிந்த நியாயம்? சுற்றுப்பாதையில் கதை வேறு. உரசலால் ஆற்றலை இழக்கும் பொருள் கீழே இறங்கும். இறங்கினால் சுற்று சிறுக்கும், வேகம் கூடும், அடுத்த சுற்றை இன்னும் சீக்கிரம் முடித்துவிடும். எடைக்குப் பரப்பு அதிகம் உள்ள பொருளுக்கு இந்த இறக்கமும் அதிகம். ராக்கெட் கூடு 1957 டிசம்பர் 1ஆம் தேதி காற்றுமண்டலத்தில் விழுந்தது. பந்து 1958 ஜனவரி 4 வரை தாக்குப் பிடித்தது.

ஒரு பொருள் நேற்றைவிட இன்று எத்தனை நொடி முன்னதாக வந்தது என்று தெரிந்தால், அந்த உயரத்தில் காற்று எவ்வளவு அடர்த்தி என்று கணக்குப் போட்டுவிடலாம். அப்படிப் போட்டுப் பார்த்ததில், அதுவரை நினைத்திருந்ததைவிடக் காற்று பல மடங்கு அடர்த்தி என்று தெரிய வந்தது. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் டெஸ்மண்ட் கிங்-ஹீலி இதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். பைனாகுலரும் ஸ்டாப்வாட்சும் வைத்திருந்த தன்னார்வலர்கள் அவருக்கு எண்களை அனுப்பினார்கள். விப்பிளின் ஆய்வகத்தில் லூயிஜி யாக்கியா இன்னும் ஒரு படி போனார். செயற்கைக்கோள்களின் இறக்கம் சீராக இல்லை. சூரியனின் சீற்றம் கூடும்போது இறக்கமும் கூடுகிறது என்று காட்டினார். சூரியன் சூடேற்ற, மேல்காற்று உப்பி மேலே எழும்புகிறது. சாதாரண ஜனங்கள் மேசையில் குனிந்து குறித்த நொடிகளும் சேர்ந்தே இந்த அறிவுக்கு வழி விட்டன.

நைனிடாலில் ஒரு கேமரா

1958இன் மத்தியில் பன்னிரண்டு பேக்கர்-நன் நிலையங்களும் ஒருவழியாக நிறைவடைந்தன. நியூ மெக்சிகோ, பெரு, ஸ்பெயின், ஈரான், ஜப்பான் என்று நீளும் பட்டியலில் இந்தியாவின் நைனிடாலும் உண்டு.

நைனிடாலில் இருந்த உத்தரப் பிரதேச மாநில வானாய்வகத்தின் தலைவர் அப்போது வைணு பாப்பு. சென்னையில் பிறந்தவர். ஹார்வர்டில் முனைவர் பட்டத்துக்குப் படித்தபோதே, 1949இல், ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்து அதில் தன் பெயரையும் ஏற்றியவர். 1960இல் கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநராக வந்து, பிறகு ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தை உருவாக்கினாரே, அதே பாப்புதான். அவர் நைனிடாலை விட்டு வந்த பிறகும் அங்கே கேமரா நிற்கவில்லை. 1970களின் நடுப்பகுதி வரை செயற்கைக்கோள்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

கேமராக்கள் வந்ததும் மூன்வாட்சின் முதல் கடமை முடிந்துவிட்டது என்றே சொல்லலாம். புதுமை தீர்ந்ததும் பல குழுக்கள் கலைந்தன. சந்தேகக்காரர்கள் சொன்னது ஒரு பாதி பலித்தது. மீதிப் பாதி பலிக்கவில்லை. விட்டுப் போகாதவர்கள் இன்னும் கடினமான வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பெரிய தொலைநோக்கிகள் கட்டி மங்கலான பொருள்களைத் தேடினார்கள். எது எப்போது விழும் என்று கண்காணிப்பதில் தேர்ந்தார்கள்.

இதற்கிடையில் வானமும் வேடிக்கைக்கு இடமாகிவிட்டது. 1960 ஆகஸ்ட் 12ஆம் தேதி அமெரிக்கா ‘எக்கோ 1’ என்ற ராட்சத பலூனை அனுப்பியது. அலுமினியப் பூச்சுப் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் தாள். உப்பியதும் 30 மீட்டர் குறுக்களவு. எந்தக் கருவியும் இல்லாமல் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இன்று எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் போகும் என்று நாளிதழ்கள் அச்சடித்தன. 1968 வரை அது சுற்றியது.

எட்டாவது தெருவில் ஓர் இரும்புத் துண்டு

மூன்வாட்சின் பெயர் மறுபடியும் அடிபட்டது 1962இல்.

1960 மே 15ஆம் தேதி சோவியத் ஒன்றியம், மனிதனை அனுப்புவதற்கான ஒத்திகையாக நாலரை டன் எடையில் ஆளில்லா விண்கலம் ஒன்றை ஏவியது. மேற்குலகம் அதை ஸ்புட்னிக் 4 என்றது. நான்கு நாள் கழித்து அதைக் கீழே இறக்க வேகத்தடை ராக்கெட்டை இயக்கினார்கள். கலம் தப்பான பக்கம் திரும்பியிருந்தது. கீழே வர வேண்டியது மேலே ஏறிவிட்டது. இரண்டு வருடத்துக்கும் மேல் சுற்றிச் சுற்றி மெல்ல இறங்கியது.

1962 செப்டம்பர் தொடக்கத்தில் விழப்போகிறது என்பது தெரிந்ததும் மூன்வாட்ச் குழுக்களுக்குத் தகவல் போனது. 5ஆம் தேதி விடியற்கருக்கலில் விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கி குழு காத்திருந்தது. கலம் சொன்னபடி வந்தது. அவர்கள் கண்முன்னே உடைந்து, துண்டு துண்டாக எரிந்தபடி வானத்தைக் கடந்தது.

மில்வாக்கிக்கு வடக்கே, மிச்சிகன் ஏரிக்கரையில் மானிட்டோவாக் என்ற சிற்றூர். அதே காலையில் ரோந்து போன இரண்டு போலீஸ்காரர்கள், வடக்கு எட்டாவது தெருவின் நடுவில் ஓர் உலோகத் துண்டு புதைந்து கிடப்பதைப் பார்த்தார்கள். ஏதோ உள்ளூர் வார்ப்படப் பட்டறைக் கழிவு, லாரியிலிருந்து விழுந்திருக்கும் என்று நினைத்து ஓரமாகத் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். விண்கலம் உடைந்த செய்தியைக் கேட்ட பிறகுதான் அவர்களுக்குப் பொறி தட்டியது. திரும்பிப் போய் எடுத்து வந்தார்கள். எடை ஏறத்தாழ 9 கிலோ.

துண்டு விப்பிளின் ஆய்வகத்துக்குப் போனது. இரண்டு ஆண்டுக்கு மேல் விண்வெளியில் கிடந்த உலோகத்தில் காஸ்மிக் கதிர்கள் என்ன தடம் விட்டிருக்கின்றன என்று பார்க்க அது அரிய வாய்ப்பு. ஆராய்ந்து முடித்ததும் சோவியத் ஒன்றியத்திடமே திருப்பிக் கொடுத்தார்கள். விழுந்த இடத்தில் இன்று சாலையில் ஒரு பித்தளை வளையம் பதித்திருக்கிறது; எதிரே உள்ள அருங்காட்சியகத்தில் துண்டின் நகல் இருக்கிறது; ஆண்டுதோறும் ‘ஸ்புட்னிக்ஃபெஸ்ட்’ என்று திருவிழாவும் எடுக்கிறார்கள்.

போலீஸ்காரர்கள் கண்ணில் பட்டது வெறும் இரும்புதான். மில்வாக்கிக் குழு வானத்தில் அந்தக் கலத்தைப் பார்த்து நேரம் குறித்து வைத்திருந்ததால்தான், அது எங்கிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது.

1975 ஜூன் 30ஆம் தேதி ஸ்மித்சோனியன் ஆய்வகம் மூன்வாட்சை முறையாக மூடியது. ராடாரும் கணினியும் போதும் என்ற நிலை வந்துவிட்டது. ஆனால் ராடாரும் கணினியும் அரசாங்கங்களுடையவை. அரசாங்கங்கள் தமக்குத் தெரிந்ததை எல்லாம் வெளியே சொல்வதில்லை. ஒரு செயற்கைக்கோளை ரகசியமாக ஏவலாம். அதன் நோக்கத்தை மறைக்கலாம், பெயரை மறைக்கலாம். அது போகும் பாதையை மறைக்க முடியாது. பாதையைப் படிக்கும் வித்தை 1957இலேயே பொதுமக்கள் கைக்கு வந்துவிட்டது.

அந்த வித்தை என்னவெல்லாம் செய்யும் என்று முதலில் காட்டியது ஒரு பள்ளிக்கூடம். 1966 மார்ச் 17ஆம் தேதி சோவியத் ஒன்றியம் காஸ்மாஸ் 112 என்ற செயற்கைக்கோளை ஏவியது. அதன் பாதை பூமத்திய ரேகைக்கு 72 பாகை சாய்ந்திருந்தது. வழக்கமான ஏவுதளத்திலிருந்து கிளம்பியவற்றின் சாய்வோடு இது பொருந்தவில்லை. இங்கிலாந்தின் கெட்டரிங் கிராமர் பள்ளியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்த ஜெஃப்ரி பெர்ரி, தன் மாணவர்களோடு உட்கார்ந்து அந்தப் பாதையைப் பின்னோக்கி வரைய ஆரம்பித்தார். கோடு போய் நின்ற இடத்தை மாஸ்கோ ஒப்புக்கொள்ள 1983 ஆனது.

அந்தக் கதை அடுத்த அத்தியாயத்தில்.

(தொடரும்)